நடைமேடைக் கண்ணீர்

பஸ்தியான் ரூவேலை அவன் காதலி விட்டுப் போய் எட்டு வருஷம் ஆகியிருந்தது. சிலர் பூனை வளர்ப்பார்கள், சிலர் மீசை வளர்ப்பார்கள். பஸ்தியான் அந்த எட்டு வருஷமும் சோகம் வளர்த்தான். வேளாவேளைக்குத் தீனி போட்டதில் அது நன்றாகக் கொழுத்துப் பாரிஸில் பார்ப்பவர் கண்ணையெல்லாம் கவரும் சோகமாக ஆகியிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். அப்போது அவன் கவிஞன். நொயெமி ஒரு தொப்பிக் கடையில் வேலை பார்த்த பெண். கவிதைப் புத்தகம் வெளிவந்ததும் கல்யாணம் என்று சொல்லி வைத்திருந்தான். ஈஸ்டர் பண்டிகைக்குச் சொந்த ஊரான தியெப்புக்குக் கிளம்பிய அவளை வழியனுப்ப சேன்லசார் ரயில் நிலையத்துக்குப் போனான். அவள் பெட்டியின் ஜன்னலோரம் நின்றாள். கைக்குட்டையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டிருந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்தியான் தன் கவிதையிலிருந்து நாலு வரி சொன்னான். ரயில் கிளம்பிவிட்டது.

அவள் திரும்பி வரவில்லை. கோடை தொடங்கியபோது தொப்பிக் கடைக்காரி சொன்னாள்: "இனிமே அவ வரமாட்டா முசியே. ஊர்லயே ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கிட்டாளாம்."

பஸ்தியானுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கல்நெஞ்சக்கார அப்பா. கட்டாயக் கல்யாணம். பலியாடு மாதிரி போன பெண். அந்த மௌனக் கண்ணீருக்கு வேறென்ன அர்த்தம்? அவளுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்துவிட்டால் அப்புறம் சோகத்துக்கு என்ன வேலை? அவன் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மதுக்கடைகளில் எதிரே எந்தப் பெண் உட்கார்ந்தாலும் இந்தக் கதையைச் சொன்னான். எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். உடைந்ததும் அந்தப் பெண் அவன் கையைப் பிடித்துக்கொள்வாள். ஆறு மாதம் கழித்து அவளும் போய்விடுவாள். தன் காயம் ஆறாததுதான் காரணம் என்று அவன் பெருமையோடு சொல்லிக்கொள்வான்.

கவிதைப் புத்தகமும் ஒருவழியாக வெளிவந்தது. அவனுடைய சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். சொந்தக்காரர்கள் தீர்ந்ததும் விற்பனையும் தீர்ந்தது. வயிறு என்று ஒன்று இருக்கிறதே! பஸ்தியான் மார்ன் ஆற்றங்கரையில் இருந்த ஒரு சினிமா ஸ்டுடியோவில் வசனகர்த்தாவாகச் சேர்ந்தான். கோமாளிப் படங்களுக்கும் போலீஸ் படங்களுக்கும் வசனம் எழுதினான். 1937ஆம் வருஷம் வசந்த காலத்தில்தான் அவனுக்கு வாய்ப்பு வந்தது. தயாரிப்பாளர் புத்ரோ ஒரு நல்ல அழுகைப் படம் வேண்டும் என்றார்.

புத்ரோ முன்பு பெண்களுக்கான இடுப்புக் கச்சை செய்து விற்றவர். சினிமாவையும் அதே கண்ணால்தான் பார்ப்பார்: பிதுங்கும் இடத்தில் இழுத்துக் கட்டு, ஒட்டிய இடத்தில் பஞ்சு வை.

பஸ்தியான் தன் கதையைச் சொன்னான். படத்தின் பெயர் 'நடைமேடையில் ஒரு கைக்குட்டை.' ஏழைக் கவிஞன். அவனை உயிராக நேசிக்கும் பெண். கொடூரமான அப்பா. கொடூரமான பல் டாக்டர். ரயில் நிலையத்தில் மௌனப் பிரிவு. கடைசியில் அவள் பனியில் விழுந்து கவிஞனின் பெயரைச் சொல்லி உயிரை விடுகிறாள்.

புத்ரோ சுருட்டைக் கடித்தபடி கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. கவிஞன் வேண்டாம்."

"முசியே, கதையே கவிஞனைப் பத்தித்தானே!"

"கதாநாயகனா வால்கூரைப் போடறேன். அவருக்கு யூனிஃபார்ம் போட்டாத்தான் எடுப்பு. கப்பற்படை அதிகாரியா ஆக்கிடு. அப்பப்போ கவிதை சொல்ற அதிகாரி. போதுமா?"

"அப்போ அப்பா?"

"அப்பாவைப் பிரபு ஆக்கிடு. கோட்டை செட் ஒண்ணு போன படத்துல மிச்சம் இருக்கு. அப்புறம் ஒரு நாய் வேணும்."

"நாய் எதுக்கு?"

"என் பொண்டாட்டியோட நாய்க்கு நடிக்க வரும்னு அவ சொல்றா. நீ வந்து அவகிட்ட வராதுன்னு சொல்லு."

பஸ்தியான் சொல்லவில்லை. நாய் படத்துக்குள் வந்தது. பல் டாக்டரை மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பாத்திரத்துக்குக் கறுப்பு மீசையும் தோல் கையுறையும் கொடுத்து, குறடைக் கையில் வைத்துக்கொண்டே பெண்ணிடம் காதல் பேசுகிற மாதிரி ஒரு காட்சி எழுதினான். எட்டு வருஷத்து வன்மத்தை அந்தக் குறடுக்குள் இறக்கினான். எழுதி முடித்த அன்று நிம்மதியாகத் தூங்கினான்.

கதாநாயகன் வால்கூருக்கு ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. படத்தில் இருபத்தெட்டு. இடையில் இருந்த வித்தியாசத்தை இடுப்புக் கச்சை பார்த்துக்கொண்டது. புத்ரோவின் பழைய கம்பெனிச் சரக்குதான். அது கழன்றுவிடும் என்று பயந்து வால்கூர் காதலியின் காலடியில் மண்டியிட மறுத்தார். காதலியை நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தித்தான் அந்தக் காட்சியை எடுத்தார்கள். கதாநாயகி எத்மேவுக்கு வால்கூர் மத்தியானம் தின்ற பூண்டுதான் பிரச்சினை. அவர் நெருங்கும்போதெல்லாம் அவள் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொள்வாள். இயக்குநர் அதை நாணம் என்று பாராட்டினார்.

பனிக் காட்சியை ஜூலை மாதம் எடுத்தார்கள். மேலேயிருந்து மூட்டை மூட்டையாக வாத்து இறகைக் கொட்டினார்கள். எத்மே சாகும்போது ஒரு இறகு மூக்குக்குள் போய்விட்டது. செத்தவள் தும்மினாள்.

"கட்! மறுபடியும் சாகணும்!" என்றார் இயக்குநர்.

"காலையிலேர்ந்து செத்துக்கிட்டுத்தானே இருக்கேன்! இந்த இறகையெல்லாம் அந்த ஆளு மூஞ்சில கொட்டுங்க, அவர் சாகட்டும்," என்று எத்மே கத்தினாள்.

"சாகற கதாநாயகனா நான் கையெழுத்துப் போடல," என்றார் வால்கூர், கண்ணாடியில் தன் தொப்பியைச் சரிசெய்தபடி.

பஸ்தியான் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். தன் வாழ்க்கையைக் கோழி உரிக்கிற மாதிரி உரிக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. ஆனாலும் ஒரு நம்பிக்கை மட்டும் போகவில்லை. ரயில் நிலையக் காட்சியை யாரும் தொடவில்லை. அவன் எழுதியபடியே எடுத்தார்கள்: ஜன்னல், கைக்குட்டை, பேசாத பெண். எங்கோ தியெப்பில் ஒருத்தி இதைப் பார்ப்பாள். பார்த்த அந்த நொடியில் அவளுக்குப் புரியும். இருட்டில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சத்தம் வராமல், உடைந்து போவாள். இந்தக் காட்சியை அவன் படத்தைவிட அதிகமான தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தான். அதில் நடிப்பும் ரொம்ப நன்றாக இருந்தது.

நவம்பரில் பாரிஸில் படம் வெளியானது. முதல் கால் மணி நேரம் ஜனங்கள் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். கதாநாயகியை நாற்காலியில் ஏற்றியபோது பால்கனியில் ஒருத்தன் "அம்மா, விழுந்துடாதே!" என்று குரல் கொடுத்தான். அதோடு மரியாதை முடிந்தது. ரயில் நிலையத்தில் எத்மே மௌனமாக அழுதபோது இன்னொருத்தன், "ஏதாவது சொல்லித் தொலையேன், ரயில் போயிடும்!" என்றான். நாய் செத்த இடத்தில் மட்டும் அரங்கம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. கதாநாயகி செத்த இடத்தில் கை தட்டினார்கள். வீட்டுக்குப் போகலாம் என்ற சந்தோஷம்.

மறுநாள் பத்திரிகையில், படத்தில் சாகத் தெரிந்தது நாய்க்கு மட்டுமே என்று எழுதியிருந்தார்கள். புத்ரோவின் மனைவி அந்தத் துண்டை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினாள்.

"பாரிஸ்காரனுக்கு இதயம் கிடையாது," என்றான் பஸ்தியான்.

"சரி, இதயம் இருக்கிற ஊர்கள்ல ஓட்டிப் பார்ப்போம்," என்றார் புத்ரோ. "தியெப்ல ஒரு தியேட்டர்காரர் ஞாயித்துக்கிழமை மத்தியானக் காட்சிக்கு யாராவது வந்து ரெண்டு வார்த்தை பேசணும்ங்கறார். வால்கூர் போக மாட்டாராம், கடல் காத்து முடிக்கு ஆகாதாம். நீ போயிட்டு வா."

தியெப் என்ற பெயரைக் கேட்டதும் பஸ்தியான் உடனே தலையாட்டினான். விதி என்று நினைத்தான். விதிக்கு அந்த வாரம் வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவன் தன்னிடம் இருந்த நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனான். தியெப்பில் காற்று ஆளைத் தூக்கியது. துறைமுகத்தில் கடற்காக்கைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அரங்கில் மீனவர் குடும்பங்களும் கடைக்காரர்களும் ஈரக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பஸ்தியான் மேடையேறி, காதல் என்பது கடல் என்று ஏதோ சொன்னான். கடலைத் தினமும் பார்க்கிறவர்கள் அதைக் கேட்டுக்கொண்டார்கள்.

மேடையிலிருந்தே அவளைப் பார்த்துவிட்டான். மூன்றாவது வரிசை. உடம்பு போட்டிருந்தாள். கன்னம் சிவந்து நன்றாக இருந்தாள். பக்கத்தில் வழுக்கைத் தலையோடு ஒரு குட்டையான ஆள், மடியில் வறுத்த பாதாம் பொட்டலம். மீசையே கிடையாது.

பஸ்தியான் அவர்களுக்குப் பக்கவாட்டில் ஓர் இடத்தைப் பிடித்து உட்கார்ந்தான். திரையை அவன் பார்க்கவேயில்லை. அவள் முகத்தையே பார்த்தான். கோட்டைப் பிரபு வந்தபோது அவள் பாதாம் தின்றாள். பல் டாக்டர் குறடோடு காதல் பேசியபோது அந்தக் குட்டை ஆள் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் அவர் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ரயில் நிலையம் வந்தது. பஸ்தியான் இருக்கை நுனிக்கு நகர்ந்தான். நொயெமி கொட்டாவி விட்டாள். பிறகு பொட்டலத்துக்குள் கையை விட்டு அடியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று துழாவினாள்.

நாய் செத்தபோது மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காட்சி முடிந்து விளக்கு போட்டதும் அவளே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அட, பஸ்தியான்! நீயேதானா! மேடையில பாத்தப்பவே இவர்கிட்ட சொன்னேன். இந்தப் படம் நீ எழுதினதா? பாவம்டா நீ, எப்படி இளைச்சுப் போயிட்டே! ராத்திரி ரயில்லதானே போவே? வா, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போ."

"லுதோவிக்," என்று குட்டை ஆள் கை நீட்டினார். "பல் டாக்டர். முசியே, சினிமாவுல எங்க தொழிலை இவ்வளவு விரிவா காட்டி நான் பாத்ததே இல்ல. ரொம்ப சந்தோஷம். ஒண்ணே ஒண்ணுதான், கொறடோட எவனும் காதல் பேச மாட்டான். பேசினா பொண்ணு எப்படி வாயைத் தொறப்பா?"

எட்டு வருஷம் வெறுத்த மனிதனின் கையைப் பஸ்தியான் பிடித்துக் குலுக்க வேண்டியதாயிற்று. அது கதகதப்பான, மெத்தென்ற கை. வெறுக்க வசதியே இல்லாத கை.

வீடு துறைமுகத்துக்கு மேலே இருந்த தெருவில். கீழே வைத்தியம், மேலே குடித்தனம். பிள்ளைகள் இரண்டும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தன. நொயெமி வெண்ணெயும் பாலேடும் விட்டு மட்டைமீன் சமைத்திருந்தாள். லுதோவிக் ஆப்பிள் மது ஊற்றினார். சாப்பாடு இறங்காது என்றுதான் பஸ்தியான் நினைத்தான். இரண்டு தட்டு இறங்கியது.

"படம் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் நொயெமி பெருந்தன்மையாக. "ஆனா அந்தப் பொண்ணைத்தான் எனக்குப் புடிக்கல. ரயில்ல ஏறி நின்னுக்கிட்டு கண்ணைக் கசக்கறாளே, என்ன ஏதுன்னு வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

பஸ்தியான் கரண்டியைக் கீழே வைத்தான். இதற்காகத்தான் அவன் வந்திருந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நீ மட்டும் சொன்னியா நொயெமி?"

"எப்போ?"

"சேன்லசார்ல. கைக்குட்டையைக் கன்னத்துல வெச்சுக்கிட்டு. ஒரு வார்த்தை பேசாம அழுதுக்கிட்டே போனியே."

நொயெமி நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் கண் விரிந்தது. புருஷனைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"கடைவாய்ப் பல்லு!" என்றாள் அவள், மூச்சுத் திணறியபடி.

"கீழ் வரிசை, இடது பக்கம்," என்றார் லுதோவிக். "சீழ் கோத்து இந்தப் பெரிசு வீங்கியிருந்துச்சு முசியே. அந்த மாதிரி ஒரு பல்லை நான் அதுக்கப்புறம் பாக்கல."

பஸ்தியானுக்குப் புரிந்தது, புரியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. "பல்லா?"

"வாயைத் தொறக்கவே முடியல. தொறந்தா உயிர் போச்சு. அதனாலதான் பேசல. நாலு நாளா உங்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேனே, பல்லு வலிக்குது, பல்லு வலிக்குதுன்னு! நீதான் ஒரே கவிதையா வாசிச்சுத் தள்ளினே. ஸ்டேஷன்லகூட ஏதோ வாசிச்சே. எப்படா ரயில் கெளம்பும்னு இருந்துச்சு."

"அப்போ... அப்பா கட்டாயப்படுத்தல?"

நொயெமியின் சிரிப்பு நின்றது. "எந்த அப்பா?"

"உங்கப்பா."

அவள் அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. மழையில் நனைந்து வந்து நிற்கும் தெருநாயைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "எனக்கு ஆறு வயசு இருக்கறப்பவே எங்கப்பா படகோட கடல்ல போயிட்டார், பஸ்தியான். அதையும் உங்கிட்ட சொல்லியிருக்கேன். ஒரு தடவை இல்ல."

லுதோவிக் எழுந்து, யாருக்கும் தேவைப்படாத உப்பை எடுத்து வரச் சமையலறைக்குப் போனார். நல்ல மனிதர்.

நொயெமி மெதுவாகச் சொன்னாள். "ஊருக்கு வந்து எறங்கினதும் நேரா இவர்கிட்டதான் போனேன். உக்காரவெச்சார். 'எத்தனை நாளா வலிக்குது?'ன்னு கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே அழுதுட்டேன். அன்னிக்கு நெசமாவே அழுதேன். என்னன்னு கேட்ட முதல் ஆள் அவர்தான்."

பஸ்தியான் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்தான், பிரித்தான். எவ்வளவு அழகான சோகம்! எத்தனை மதுக்கடை, எத்தனை பெண்கள், ஒரு முழுநீளப் படம்! அடியில் தோண்டிப் பார்த்தால் ஒரு சொத்தைப் பல். கண்ணாடி முன்னால் பலமுறை பழகி வைத்திருந்த முகபாவம் ஒன்று அவனிடம் இருந்தது. அதை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"என் ஞாபகம் உனக்கு வந்ததே இல்லையா?" என்று கேட்டான். கேட்ட பிறகு, இதை வசனமாக எழுதியிருந்தால் அப்போதே கோடு போட்டு அடித்திருப்பேன் என்று நினைத்தான்.

"வராம என்ன? மழை பேஞ்சா வரும். குடையை எங்கயாவது விட்டுட்டு வந்து நிப்பே. நான் நனைஞ்சுக்கிட்டே போய்த் தேடி எடுத்துட்டு வருவேன். நீ நல்லவன்தான் பஸ்தியான். கெட்டவன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. பக்கத்துல இருக்கறவ மட்டும் உன் கண்ணுக்குத் தெரிய மாட்டா." அவன் தட்டைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் மீன் வைக்கட்டுமா?"

வைத்தாள். அவன் சாப்பிட்டான். ரயிலுக்கு நேரமானபோது லுதோவிக் நிலையம்வரை கூடவே நடந்து வந்தார். வழியெல்லாம், படத்தில் அந்த நாய்க்கு எப்படிப் பயிற்சி கொடுத்தார்கள் என்று விசாரித்தார். பெட்டியில் ஏறியதும் பஸ்தியான் ஒரு மூலையில் உட்கார்ந்து, பழைய வழக்கப்படி துக்கப்பட முயன்றான். வரவில்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி மனம் சும்மா சும்மா அந்த இடத்துக்குப் போய் வந்தது. அங்கே ஒன்றும் இல்லை. பாதி வழியில் ரூவான் நிலையம் வருவதற்குள் தூங்கிவிட்டான்.

'நடைமேடையில் ஒரு கைக்குட்டை' எல்லா ஊரிலும் வந்த வேகத்தில் திரும்பியது. தியெப்பில் மட்டும் கூட்டம் வந்துகொண்டேயிருந்தது. லுதோவிக் தன்னிடம் வந்தவர்களிடமெல்லாம் அதைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தார். வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்கள் எப்படி மறுப்பது?

குளிர்காலம் முடிவதற்குள் புத்ரோ அடுத்த படம் என்றார். இந்த முறை பாலைவனம், ஒட்டகம், காதல். பஸ்தியான் எழுதிக் கொடுத்தான். அதில் வரும் பெண் ஓயாமல் பேசினாள். காலில் செருப்பு கடிப்பதிலிருந்து செத்துப்போன அப்பாவின் பெயர்வரை எல்லாவற்றையும் சொன்னாள். எத்மேவுக்கு ஒரே சந்தோஷம். வால்கூர்தான் தாள்களை ஆட்டிக்கொண்டு வசனகர்த்தாவின் அறைக்கு வந்தார்.

"என்னய்யா இது? பக்கம் பக்கமா அவளே பேசறா. நான் என்ன பண்ணிக்கிட்டிருப்பேன்?"

"கேட்டுக்கிட்டிருப்பீங்க முசியே."

"சும்மாவா?"

"ஆமா. அதுதான் கஷ்டமான நடிப்பு. உங்களால முடியும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு."

முகஸ்துதிக்கு மயங்காத நடிகன் உண்டா? வால்கூர் ஒப்புக்கொண்டார். முதல் நாள் படப்பிடிப்பில் அட்டைப் பேரீச்ச மரத்தில் சாய்ந்து, எத்மேவின் முகத்தைப் பார்த்தபடி கேட்கத் தொடங்கினார். மூன்றாவது வாக்கியத்தில் அவர் கண் மெல்லச் சொருகியது. ஐந்தாவதில் தலை சரிந்தது. அவர் அசந்து தூங்கிவிட்டார். இயக்குநர் அதைக் காதலின் பரவசம் என்று நினைத்து, யாரும் சத்தம் போடக் கூடாது என்று கை காட்டி, முழுக் காட்சியையும் படமாக்கினார்.